அரிக்கும் நீரும் அதிரும் நரம்பும்

மேடையில் நின்று மின்கிற்றார் வாசிக்கும் இளைஞரைக் காண்போர் யாவரும் அவர் விரல்களையே பார்க்கின்றனர். காலைப் பார்ப்பவர் மிகச் சிலர். ஆயினும் இசையின் நிறம் மாறும் இடங்களிலெல்லாம் முதலில் அசைவது கால்தான். காலடியிலே கையகலமான உலோகப் பெட்டிகள் இரண்டு மூன்று வரிசையாகக் கிடக்கும். ஒன்றின் மேலுள்ள பொத்தானை நுனிக்காலால் அழுத்தினால், அதுவரை தேன்போல் ஒழுகிய ஒலி கரகரத்து, நாதசுரம்போல் உரத்து எழும். மற்றொன்றை அழுத்தினால், மலைச்சரிவிலே கூவியதுபோல் எதிரொலி திரும்பி வரும். 'பெடல்' என்று இளைஞர் வழங்கும் இதனை நாம் மிதிப்பெட்டி என்று சொல்லிக்கொள்வோம்.

கடையிலே விலைக்கு வாங்கும் மிதிப்பெட்டியைப் பற்றி நாம் இங்கே எழுத வரவில்லை. தாமே ஈயம் பற்றவைத்துத் தாமே பெட்டியும் துளைத்து, அப்பெட்டியின் முகத்திலே தாமே சித்திரமும் பொறித்துக்கொள்ளும் ஒரு கைத்தொழில் உலகெங்கும் பரவியிருக்கின்றது. வர்ணம் பூசி எழுதிய சித்திரம் சப்பாத்துப் பட்டுச் சில மாதங்களில் உரிந்துவிடும். உலோகத்தையே அரித்து உண்டாக்கிய கோடு எளிதில் அழியாது. அந்த அரிப்புச் சித்திர வித்தை, நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் சில செய்திகளைச் சொல்ல வல்லது என்பதே நம் எண்ணம்.

கிற்றார் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. 1505இல் போர்த்துக்கேயர் கரையேறிய பின்னர் அவர்தம் நரம்பிசை இம்மண்ணில் ஊன்றி, பைலாப் பாட்டாய்க் கிளைத்தது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப் பாடல்கள் வீட்டு வானொலிகளில் ஒலித்தபோது தமிழ்க் குடும்பங்களும் அவ்விசைக்குப் பழகிவிட்டன. கருவியைக் கையாற் செய்துகொள்ளும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. 1923இல் எட்வேர்ட் ஹார்ப்பர் என்பார் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து முதன்முதலாக இசைத்தட்டுக்களை ஒலிபரப்பிப் பார்த்தது, கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு தந்தி இலாகாவினர் கட்டிய கருவியினாலேயாம்.

கரகரக்கும் ஒலி பிறந்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் மார்ட்டி ராபின்ஸ் என்பாரின் பாட்டொன்று பதிவாகும்போது, பழுதுபட்ட ஒரு கருவியின் வழியே சென்ற கிற்றாரொலி சிதைந்து உறுமியது. பதிவைக் குப்பையிலே போடாமல் 1961இல் அப்படியே வெளியிட்டனர், கேட்டவர்கள் மயங்கினர். அந்தப் பழுதையே வேண்டும்போது வரவழைக்கும் சிறு பெட்டியொன்று, மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுடன், 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் 1962இல் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் பாட்டொன்றில் அதனைப் பயன்படுத்திய பின்னரே உலகம் அதனைத் தேடி ஓடியது. உள்ளே நிகழ்வது இவ்வளவுதான்: ஒலியலையின் உச்சியும் அடியும் கத்தியாற் சீவியதுபோல் தட்டையாகின்றன. தட்டையான அலையிலே மூல சுரத்தோடு, அதனிலும் மும்மடங்கு, ஐம்மடங்கு விரைவாய் அதிரும் மேற்சுரங்களும் பிறந்து கலக்கின்றன. நம் தோட்டத்துத் தப்பு அடிப்பவர் ஆட்டத்துக்கு முன் நெருப்பிலே தப்பைக் காய்ச்சித் தோலை இறுக்கி ஒலியை மாற்றிக்கொள்கிறாரே, அவர் தீயினாற் செய்வதை இவர் மின்சாரத்தினாற் செய்கிறார் என்று கொள்ளலாம்.

பெட்டி ஏன் உலோகமாய் இருக்கவேண்டும்? நம் வீட்டுச் சுவர்க் கம்பிகளிலே மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாய் ஓடுகின்றது. அதன் நிழல் நுண்ணிய சுற்றிலே விழுந்தால் 'ம்...' என்ற இரைச்சல் இசையோடு கலந்துவிடும். உலோகக் கூடு அந்நிழலை உள்ளே விடாது. 1836இல் மைக்கேல் ஃபரடே ஓர் அறையையே உலோகத் தகட்டால் மூடி உள்ளே அமர்ந்து காட்டிய உண்மை இது. காலால் மிதிபடுவதால் உறுதியும் வேண்டும். ஆகவே அச்சில் வார்த்த அலுமினியப் பெட்டிகளே பெருவழக்கு. பெரும்பாலோர் கையாளும் அளவு ஏறத்தாழ 112 மில்லிமீற்றர் நீளம், 60 அகலம், 31 உயரம். பழைய தேயிலைத் தகர டப்பாவிலும் செய்யலாம். இரைச்சலைத் தடுப்பதில் அதற்குக் குறைவில்லை. ஆனால் உற்சாகமான பாட்டொன்றின் நடுவே அது சப்பளிந்துபோகும்.

இனி அரிப்புச் சித்திரம். உளியால் வெட்டுவது வேறு, அமிலத்தால் அரிப்பது வேறு. சோழ மன்னரின் ஆனைமங்கலச் செப்பேடுகளில் ஒவ்வோர் எழுத்தும் உளியும் கையும் பட்டு உண்டானது. கண்டி இராச்சியத்துப் பித்தளை, வெள்ளி வேலைகளும் அவ்வாறே. அரிப்பிலோ கை செய்யும் வேலை, உலோகத்தை எங்கே காப்பாற்றுவது என்று தீர்மானிப்பது மட்டுமே. காப்பில்லாத இடத்தை நீர் தானே தின்னும். அமெரிக்கப் பாலைநிலத்து ஹொஹொகாம் மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, சிப்பியின் மேற் பிசின் தடவி, புளித்த கள்ளிப் பழச்சாற்றில் ஊறவைத்து உருவங்கள் பொறித்தனர். ஐரோப்பாவில் போர்க்கவசங்களை அலங்கரித்தவர்கள் இவ்வித்தையைக் கையாண்டனர். ஆக்ஸ்பர்க் நகரத்துக் கவச அலங்காரி டேனியல் ஹோப்பர், 1536இல் இறந்தவர், அதே முறையாற் பொறித்த இரும்புத் தகட்டிலே மை பூசிக் காகிதத்திற் சித்திரம் அச்சிட்டார். பின்னர் ரெம்பிராண்டின் கையில் அது பெருங்கலையாயிற்று.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைக் கவர்ந்தவர் மற்றொருவர். லொரேன் நாட்டு நான்சி நகரிற் பிறந்த ஜாக் கலோ, 1592 முதல் 1635 வரை வாழ்ந்தவர். அவர் காலம்வரை தகட்டைக் காக்க மெழுகையே பூசினர். மெழுகு மென்மையானது, கை பட்டால் அடர்ந்து உதிரும், அமிலம் தவறான இடத்தில் நுழையும். கலோ அதற்குப் பதிலாக, லூட் என்னும் நரம்புக் கருவி செய்வோர் தம் வாத்தியத்துக்குப் பூசும் கடின வார்னிஷைத் தகட்டுக்குப் பூசினார். மயிரிழை போன்ற கோடுகள் அதனால் இயன்றன. நரம்பிசைக்காரரின் வார்னிஷ் அன்று சித்திரக்காரருக்கு உதவியது. இன்று சித்திரக்காரரின் அமிலம் நரம்பிசைக்காரரின் பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. கடன் தீர்ந்தது என்று கலோ சிரிப்பார்.

இன்றைய காப்புப் பூச்சு மெழுகுமன்று, வார்னிஷுமன்று; லேசர் அச்சுப்பொறியின் கரிய தூள். அது உண்மையில் நுண்ணிய பிளாஸ்திக்கு. சித்திரத்தைக் கண்ணாடியிற் பார்ப்பதுபோல் இடம்வலம் மாற்றி, மினுமினுப்பான தாளில் அச்சிடுகின்றனர். (வாசகர் கையிலுள்ள இந்த ஞாயிறு இதழின் தாள் இதற்குப் பயன்படாது, வழவழப்பான சஞ்சிகைத் தாள் வேண்டும்.) பெட்டியின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமற் கழுவி, தாளைக் கவிழ்த்து வைத்து, சட்டை தேய்க்கும் மின்னழுத்தியால் அழுத்துகின்றனர். தூள் உருகி உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். நீரில் ஊறவைத்துத் தாளை விரலால் உருட்டி எடுத்தால் சித்திரம் மட்டும் நிற்கும். விட்டுப்போன இடங்களை நகப்பூச்சால் அடைத்து, பக்கங்களைப் பசைநாடாவால் மூடி, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் நனைக்கின்றனர். மை நீரில் கரையும் மற்ற வகை அச்சுப்பொறி உதவாது.

பெரிக் குளோரைட்டு இரசாயனம் பயிலும் மாணவர் அறிந்த பொருள். செம்பின் மேல் அது அமைதியாய் வேலை செய்யும்: பெரிக்கு இரும்பு ஓர் இலத்திரனைப் பெற்றுப் பெரசு இரும்பாக, செம்பு தன் இலத்திரன்களை இழந்து நீரிற் கரையும். மிதிப்பெட்டியின் உள்ளே கிடக்கும் மின்சுற்றுப் பலகையும் இதே கரைசலால் ஆகக்கூடியதே. வியன்னாவிலிருந்து இலண்டன் சேர்ந்த போல் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர் 1936 அளவில் தொடங்கி வைத்த வழி அது. உள்ளே சுற்றும் வெளியே சித்திரமும் ஒரே நீரால் எழுதப்படுகின்றன என்பதை மாணவர்க்குச் சொல்லும்போது நமக்கே ஒரு மகிழ்ச்சி உண்டாகின்றது.

அலுமினியத்தின் மேல் அக்கரைசல் அமைதியாயிராது. நுரைத்துப் பொங்கும், சூடேறும், ஐதரசன் வாயு கிளம்பும், இரும்பு கருஞ்சேறாய்ப் படியும். சூடு மிகுந்தால் காப்புத் தூளே இளகி உரிந்து, சித்திரம் முழுதும் பாழாகும். ஆகவே நிறைய நீர் விட்டு வலிமை குறைத்த கரைசலில் சில விநாடி நனைத்து, உடனே தண்ணீரில் அமிழ்த்தி, சேற்றைத் தூரிகையால் துடைத்து, மீண்டும் நனைக்கவேண்டும். பொறுமையில்லாதவர் இதில் இறங்கலாகாது. அமிலம் கீழ்நோக்கி அரிக்கும்போதே பக்கவாட்டிலும் அரிக்கும் என்பதையும் மறக்கலாகாது. ஆழம் கூடக் கூடக் கோடு மெலியும். இறுதியாகத் தூளை அசிற்றோனாற் கரைத்து நீக்கி, பள்ளங்களிற் கறுப்பு வர்ணம் நிரப்பி, மேற்பரப்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால், கருநிலத்திலே வெள்ளிச் சித்திரம் துலங்கும்.

பக்கவாட்டு அரிப்பினால் தமிழுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி மிகச் சிறியது. தாளை உருட்டும்போதோ, அமிலம் பக்கத்திலிருந்து தின்னும்போதோ முதலில் மறைவது அதுதான். 'அதிர்வு' என்று எழுதினால் 'அதிரவு' என்று வந்து நிற்கும். பழைய ஓலையெழுத்தாளரும் இதே காரணத்தைப் போன்றதொன்றால் புள்ளியைக் கைவிட்டனர். எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். செப்பேடுகளிலும் புள்ளியில்லாமலே படித்துப் பொருள் கொள்ளவேண்டிய இடங்கள் மிகப் பல. புள்ளியைச் சற்றுப் பெரிதாய்த் திருத்திய எழுத்தைக் கொண்டு அச்சிட்டால் இக்குறை நீங்கும். திருகுகளின் கீழே ஆங்கிலச் சொற்களையே பொறிக்க வேண்டுமென்ற விதி எங்கும் இல்லை. 'ஒலி', 'உரம்', 'சாயல்' என்று எழுதினால் வாசிப்பவர்க்கு என்ன குறை?

சித்திரத்துக்கு வேண்டிய உருவங்களையும் தொலைவிலே தேடவேண்டியதில்லை. கண்டிக் கைவினைஞரின் கொடிக்கோலமும், பின்னிப்பிணைந்த இரட்டை அன்னமும், இருதலைப் பறவையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் வரைபடங்களோடு உள்ளன. கொழும்பிலே தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இற் பிறந்து, கனிப்பொருள் ஆராயும் அதிகாரியாய் இம்மலைகளிற் சுற்றியபோது கிராமத்துக் கம்மாளர் பட்டறைகளைக் கண்டு மனம் மாறியவர் அவர். இயந்திரப் பண்டங்களின் வெள்ளத்திலே கைத்தொழில் அழிவதைக் கண்டு வருந்தியவர்க்கு, மின்னிசைப் பெட்டியின் மேல் அன்னம் பொறிப்பது பிடித்திருக்குமா என்பது வேறு வினா. பிடித்திருக்கும் என்பது நம் கட்சி. கடைப்பெட்டியை விட்டுக் கைப்பெட்டி செய்பவர் அவர் பக்கத்தவரே.

ஆனால் எதனைப் பொறிப்பது என்ற கேள்வி அழகோடு முடிவதில்லை. நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் தம் பெட்டிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தை, முதுகிற் கூடையோடு வரைந்து வைத்திருந்தார். நல்ல சித்திரம். தேயிலைப் பெட்டிகளின் மேலுள்ள சிரித்த முகம் அன்று. தலையிலே கயிறு அழுந்த, குனிந்த கழுத்தோடு நிற்கும் உருவம். அவர் வீட்டுக்கு நாம் ஒரு நாள் சென்றபோது அன்னையார் அத்தாளைக் கையில் வைத்திருந்தார். அவரும் கொழுந்தெடுப்பவர்தான்.

"சேர், நீங்களே சொல்லுங்க. நாங்க முதுகுல சுமந்த கூடை இது. இவன் இதைக் கால்ல போட்டு மிதிக்கப் போறானாம்."

"மிதிக்க மாட்டேம்மா. பொத்தானை மட்டுந்தான் அழுத்துவேன்" என்றார் மகன்.

"கால் கால்தானேப்பா."

நாம் உடனே விடை சொல்லவில்லை. புத்தகத்திற் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர்க்கு அந்தத் தாயின் சொல் எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று. தெய்வ உருவத்தையும் ஓங்காரத்தையும் மிதிப்பெட்டியிற் பொறிக்கலாகாது என்று மாணவர்க்கு நாமே கூறியிருக்கிறோம். ஆயினும் நடனமாடுவோர் சலங்கையைக் கண்ணில் ஒற்றிக் காலிலேதான் கட்டுகின்றனர். மிதிக்கப்போகும் நிலத்தைத் தொட்டு வணங்கிய பின்னரே ஆடுகின்றனர். ஆயுத பூசையன்று கிற்றாருக்குப் பொட்டிடுபவர் மிதிப்பெட்டியை மட்டும் வாசலில் வைப்பரோ? இவையெல்லாம் நம் மனத்தில் ஓடின. ஆனால் கூடையைச் சுமந்தவர் நாமல்லர். ஆதலால் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் நமக்கில்லை என்று எண்ணி, "அம்மா சொல்வதைக் கேட்டுச் செய்யும்" என்று மட்டும் மாணவரிடம் கூறினோம்.

மலையகத் தமிழரின் வரலாற்றில் உலோகத்தின் மேல் எழுத்து என்றால் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் கழுத்திலே தகர டிக்கட் என்னும் சிறு உலோக வில்லை தொங்கியது. எந்தத் தோட்டத்துக்குச் சேரவேண்டியவர் என்பதைக் காட்டும் எழுத்தும் இலக்கமும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. பொதிக்குச் சீட்டுக் கட்டுவதுபோல மனிதர்க்குக் கட்டினர். வழிச்செலவு தோட்டக் கணக்கில் எழுதப்பட்டது. அணிந்தவரின் பெயருக்கு அங்கே இடமில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பிள்ளைகளிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அப்பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. இவற்றை அம்மாணவரிடம் வேறொரு நாள், வரலாற்றுச் செய்தியாகவே சொன்னோம்.

சில வாரங்களின் பின் அவர் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். மேல்முகத்திலே மலைமுகடுகளும் மூடுபனியும் மட்டுமே இருந்தன. கொழுந்தெடுக்கும் பெண் பெட்டியின் முன்பக்கத்திலே, மேடையிலிருந்து பார்வையாளரை நோக்கி நின்றார். அங்கே கால் எட்டாது. உருவத்தின் கீழே அன்னையாரின் பெயர் இருந்தது. புள்ளிகள் எல்லாம் விழுந்திருந்தன. தாயார் என்ன சொன்னார் என்று கேட்டோம். "பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாங்க சேர்" என்றார்.

பெற்றோர் அறியவேண்டியவை சில உள. இவ்வேலையைத் தனியாய்ச் சிறுவரிடம் விடலாகாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு இறப்பர் உறையும் இல்லாமற் கரைசலைத் தொடவே கூடாது. லயத்துக் காம்பிராவின் உள்ளே, அடுப்பெரியும் இடத்தருகே செய்வது பேராபத்து. ஐதரசனும் தீப்பற்றும், அசிற்றோனும் தீப்பற்றும். இஸ்தோப்பிலோ வெட்டவெளியிலோதான் செய்யவேண்டும். கரைசல் ஆடையிற் பட்டால் மஞ்சட் கபிலக் கறை போகாது. தேநீர்க் கோப்பைகளையும் எட்டவே வையுங்கள். வெறுந்தேநீரில் அது ஒரு துளி விழுந்தாற் போதும், முழுக்கோப்பையும் மைபோற் கறுத்துவிடும். தேயிலையின் தனினும் இரும்பும் சேர்ந்து எழுத்து மையே ஆகிவிடுவதுதான் காரணம். அதனைச் சோதனைக் குழாயிற் செய்து பார்க்கலாம். குடிக்கும் கோப்பையில் வேண்டாம்.

எல்லாவற்றினும் முக்கியம் கழிவு நீர். பயன்படுத்திய கரைசலிலே வார்ப்பு அலுமினியத்திற் கலந்திருந்த செம்பும் கரைந்திருக்கும். செம்பு மீனுக்கு நஞ்சு. பீலிக்கரையிலே கழுவி விட்டால் அது எங்கே போகும்? இம்மலைகளின் ஓடைகளிற் சில களனி ஆற்றுக்கும், நானுஓயாப் பக்கத்தன கொத்மலை ஓயா வழியே மகாவலிக்கும் செல்கின்றன. கீழே எத்தனை ஊர்கள் அந்நீரைக் குடிக்கின்றன! கரைசலிற் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாய்ப் போட்டு, நுரை அடங்கியபின் படியும் சேற்றைச் சீமெந்துடன் குழைத்துக் கட்டியாக்கி அப்புறப்படுத்தவேண்டும். இதற்குச் சோம்புபவர் பெட்டிக்கு வர்ணமே பூசிக்கொள்ளட்டும்.

நுவரெலியாக் குளிர் இவ்வேலைக்கு ஒரு வகையில் உதவியே. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள ஊரிலே கரைசல் தானாகவே குளிர்ந்திருப்பதால் அலுமினியத்தின் ஆவேசம் சற்று அடங்குகின்றது. செம்புப் பலகைக்கோ அதே குளிர் பகை; கரைசற் பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டியில் இருத்தி இளஞ்சூடாக்கவேண்டும். பெரிக் குளோரைட்டுக் கட்டிகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தாமே கரைந்துவிடுமாதலால் போத்தலை இறுக மூடவேண்டும். மூடுபனி நாளிலே வார்னிஷ் பூசினால் ஈரம் உள்ளே அகப்பட்டுச் சித்திரத்தின் மேல் வெண்மை படரும். மேற்சொன்ன மாணவரின் பெட்டிக்கு வார்னிஷ் இன்னும் பூசவில்லை. பொங்கல் கழிந்து வெயில் காயும் நாளுக்காக அதனைத் துணியிற் சுற்றி, அடுப்புக்கு மேலுள்ள பரணிலே தாயாரே வைத்திருக்கிறாராம்.